மூப்பும் பிணியும்: முதியோர் அறிவுத்தேய்வு பற்றிய கருத்து வரலாறு

தோற்றுவாய்

இளிவரல் என்னும் மெய்ப்பாட்டிற்கு நிலைக்களன் நான்கு எனத் தொல்காப்பியர் வகுத்தார். அவற்றுள் மூப்பை ஒன்றாகவும் பிணியைப் பிறிதொன்றாகவும் எண்ணினார். இவ்வெண்ணுமுறை சற்றே நின்று நோக்கற்பாலது. மூப்பும் பிணியும் ஒரு பொருளவாயின் அவற்றை இருமுறை எண்ணவேண்டுவதில்லை. மெய்ப்பாட்டியல் மருத்துவ நூலன்று. அது நாடகத்தும் செய்யுளினும் புலப்படும் உள்ளக் குறிப்பை ஆராய்வது. ஆயினும், ஆண்டு முதிர்தலால் வரும் தளர்ச்சி வேறு, நோயால் வரும் நலிவு வேறு என்னும் தெளிவு அந்நூல் யாத்தார்க்கு இருந்தது என்று கொள்வதில் தவறில்லை.

இரண்டும் வேறாயின், அவற்றின் எல்லை யாது? நரையும் திரையும் மூப்பின, காய்ச்சல் பிணியின்பாற்பட்டது. இவற்றில் ஐயமில்லை. முதியோர் ஒருவர் தாம் பெற்ற மகளை யாரென வினவுகின்றார். உண்டபின் உண்ணவில்லை என்கின்றார். ஐம்பதாண்டு வாழ்ந்த தெருவில் வழி தவறுகின்றார். இது மூப்பா, பிணியா? இவ்வினாவிற்கு ஈராயிரம் ஆண்டுகளாக விடைகள் மாறி மாறி வந்துள்ளன. டிமென்சியா என மருத்துவர் வழங்கும் இந்நிலையை ஈண்டு 'அறிவுத்தேய்வு' என்னும் சொல்லாற் குறிப்போம்; அச்சொல்லைக் கொண்டமைக்குக் காரணம் இறுதியிற் கூறப்படும். மூப்பிற்கும் பிணிக்கும் இடைப்பட்ட எல்லைக்கோடு காலந்தோறும் எங்ஙனம் இடம் பெயர்ந்தது என்பதையும், அப்பெயர்ச்சியில் பெயரிடுதல் எத்துணைப் பங்கு கொண்டது என்பதையும் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழையோர் கருத்து

கிரேக்க நாட்டில், கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏதென்சு நகரச் சட்டத்தைத் திருத்தியமைத்த சோலன், விருப்ப ஆவணம் எழுதும் உரிமையை மக்கட்கு வழங்கினார். பித்து, பிணி, மருந்தின் மயக்கம் முதலியவற்றோடு முதுமையையும் அவ்வுரிமையைக் கெடுக்கும் காரணங்களுள் ஒன்றாக அச்சட்டம் சேர்த்தது. முதுமை அறிவைக் கெடுக்கக்கூடும் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டதற்குப் பழைய சான்றுகளுள் இஃது ஒன்று. இதிலும் முதுமையும் பிணியும் தனித்தனியே எண்ணப்பட்டமை காண்க.

உரோம நாட்டு அறிஞர் சிசரோ கி.மு. 44-இல் முதுமை பற்றி எழுதிய நூலில் இதற்கு மாறான கருத்தை நிறுவினார். பயிற்சி குன்றினால் நினைவு குன்றும்; முதியோர் அனைவர்க்கும் அறிவு தடுமாறுவதில்லை; உறுதியற்ற உள்ளத்தார்க்கே அது நேரும் என்பது அவர் கொள்கை. நாடகப் புலவர் சோபகிளீசின் மைந்தர் தந்தைக்கு அறிவு திரிந்தது எனக் கூறி வழக்குமன்றம் சென்றனர் என்றும், அம்முதியவர் தாம் அண்மையில் இயற்றிய நாடகப் பகுதியை நடுவர்முன் படித்துக் காட்டி வென்றனர் என்றும் அவர் ஒரு செய்தியை எடுத்துரைக்கின்றார். அது வரலாறோ புனைவோ, அதன் கருத்துத் தெளிவானது. அறிவைக் காத்துக்கொள்ளுதல் முதியவரின் கடமையாகிறது. காவாதவர்மேல் குற்றம் ஏறுகிறது.

அங்கதப் புலவர் ஜூவனல் தம் பத்தாம் அங்கதத்தில் வேறொரு காட்சியைத் தீட்டினார். பணியாளர் பெயரையும், முன்னாள் இரவு உடனுண்ட நண்பன் முகத்தையும், தான் பெற்று வளர்த்த மக்களையும் மறந்து, அவர்க்குரிய சொத்தை அயலார்க்கு எழுதிவைக்கும் முதியவனை அவர் காட்டுகின்றார். உடலுறுப்புக்களின் கேடு அனைத்தினும் இதுவே கொடிது என்பது அவர் துணிபு. இன்று மருத்துவர் விரித்துரைக்கும் குறிகளுட் பல இவ்வங்கதத்தில் அடங்கியுள்ளன. குறிகளைப் பழையோர் நன்கு கண்டிருந்தனர் என்பது இதனால் விளங்கும். அவற்றை எப்பெயரால் அழைப்பது என்பதில்தான் ஒருமைப்பாடு இல்லை.

தமிழ் நூல்களிலும் இவ்விருமை உண்டு. புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார், கோலூன்றி இருமித் தளர்ந்த பருவத்தில் தம் இளமை விளையாட்டை நினைந்து இரங்குகின்றார். அப்பாட்டை அறிவுத்தேய்வின் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. அங்கு நினைவு தேயவில்லை, மிகத் தெளிவாகவே நிற்கின்றது. உடல் மூத்தும் உள்ளம் மூவாத நிலைக்கே அது சான்றாகும். மறுபுறம், மறத்தல் என்பதை அற நூல் ஒரு குற்றமாகக் கண்டது. பொச்சாவாமை என ஓர் அதிகாரத்தையே வள்ளுவர் வகுத்தார். கெடுவார் விரும்பி ஏறும் மரக்கலங்களாகப் பிறிதோரிடத்தில் அவர் உருவகித்த நான்கனுள் மறவியும் ஒன்று. இக்குறள்கள் கடமையில் சோர்தலைப் பேசுவன; முதியோரின் நோயைப் பேசுவன அல்ல. எனினும், மறத்தல் என்னும் சொல்லின்மேல் பழியின் நிழல் படிந்திருத்தற்கு இவ்வற மரபும் ஒரு காரணமாதல் கூடும். இக்குறிப்பை நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

பிரெஞ்சு மருத்துவர் வகுத்த பிரிவு

அறிவுத்தேய்வைத் தனியொரு நிலையாக வரையறுக்கும் முயற்சி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசு நகர மருத்துவமனைகளில் வலுப்பெற்றது. பிலிப் பினேல் மனநோய்களை வகைப்படுத்தியபோது அதற்கு ஓர் இடம் அளித்தார். அவர் மாணாக்கர் எஸ்கிரோல் 1838-இல் வெளியிட்ட பெருநூலில் இதனை மேலும் தெளிவாக்கினார். பிறவியிலேயே அறிவு வளராதாரை என்றும் வறியராக இருந்தாரோடும், அறிவுத்தேய்வுற்றாரைச் செல்வம் பெற்றிருந்து பின் இழந்தாரோடும் அவர் ஒப்பிட்டார். முதுமையில் வரும் வகையைத் தனியே பிரித்துக் காட்டியவரும் அவரே.

இவ்வொப்புமை எளியதாயினும் அதன் பயன் பெரிது. இழந்தவர் என்று சொல்லும்போது அவர்க்கு முன்பு ஒரு வாழ்வு இருந்தது என்பது பெறப்படும். நோயாளியை அறிதற்கு அவர் வரலாற்றை அறிதல் வேண்டும் என்னும் நெறி இதனின்று பிறந்தது. ஆயினும் மூளையில் நிகழ்வது யாது என்பதை அக்காலத்தவர் கண்ணாற் காணும் வழி இல்லை. அதற்கு உருப்பெருக்கிக் கருவியின் திருத்தமும் புதிய சாயமுறைகளும் வரவேண்டியிருந்தன.

பிராங்க்பர்ட்டில் ஒரு நோயாளி

1901 நவம்பர் 25-ஆம் நாள், செருமனியின் பிராங்க்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் அகுஸ்தே என்னும் பெண்மணி சேர்க்கப்பட்டார். அவர்க்கு அகவை 51. இருப்புப்பாதை எழுத்தர் ஒருவரின் மனைவி. கணவர்மேல் காரணமற்ற ஐயம், வீட்டுப்பொருள்களை இடம் மாற்றி ஒளித்தல், நினைவின் விரைந்த தேய்வு ஆகியன அவர்பால் காணப்பட்டன. அவரை ஆராய்ந்த மருத்துவர் அலோயிசு அல்சைமர், வினாவையும் விடையையும் அவ்வப்போது தாளில் குறித்துவந்தார். பெயர் கேட்டதற்கு அகுஸ்தே என்றார். கணவர் பெயர் கேட்டதற்கும் அகுஸ்தே என்றே விடையளித்தார். தம்மையே தாம் இழந்துவிட்டதாக அவர் கூறியமையும் அக்குறிப்புக்களால் தெரியவருகின்றது. தம் நிலையை அவர் ஓரளவேனும் உணர்ந்திருந்தார் என்பதற்கு இஃது அழியாச் சான்று.

அல்சைமர் பின்னர்ப் பிராங்க்பர்ட்டை விட்டு நீங்கி, 1903-இல் மியூனிக் நகரில் எமில் கிரேப்பலினின் மருத்துவமனையை அடைந்தார். 1906 ஏப்பிரல் 8-இல் அகுஸ்தே காலமானார். அவர்தம் மூளையும் குறிப்பேடும் மியூனிக்கிற்கு வருவிக்கப்பட்டன. பீல்சோவ்ஸ்கி அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே கண்ட வெள்ளிச் சாயமுறையைக் கையாண்டு ஆராய்ந்த அல்சைமர், நரம்பணுக்களின் வெளியே படிவுகளையும் உள்ளே இழைமுடிச்சுக்களையும் கண்டார். அவ்வாண்டு நவம்பர் 3-இல் தியூபிங்கன் நகரில் கூடிய மனநோய் மருத்துவர் அவையில் இதனை எடுத்துரைத்தார். அவையில் வினா எழுப்பினார் ஒருவரும் இலர். அவ்வுரை 1907-இல் சுருங்கிய வடிவில் அச்சேறியது.

அதே 1907-இல் பிராகா நகரத்து ஆஸ்கர் பிஷர், முதியோர் அறிவுத்தேய்வால் இறந்த 16 பேரின் மூளைகளை ஆராய்ந்து, 12-இல் அப்படிவுகளைக் கண்டு வெளியிட்டார். அல்சைமர் ஆராய்ந்தது நடுவயதினர் ஒருவரை. பிஷர் ஆராய்ந்தது முதியோர் பலரை. இருவர் கண்டவற்றையும் அன்றே ஒருங்கு வைத்து நோக்கியிருப்பின், அகவை வேறுபாட்டைக் கடந்த ஒரே நோய் என்னும் முடிவு அப்போதே எட்டப்பட்டிருத்தல் கூடும். வரலாறு அவ்வழி செல்லவில்லை.

பெயர் செய்த பிரிவினை

1910-இல் கிரேப்பலின் தம் மனநோய்ப் பாடநூலின் எட்டாம் பதிப்பில் 'அல்சைமர் நோய்' என்னும் பெயரை வழங்கினார். அதன் மருத்துவப் பொருள் இன்னும் தெளிவுறவில்லை என்று அவரே அவ்விடத்துக் குறித்துள்ளார். ஆயினும் முதுமைக்கு முன்னர் வருவதாகிய தனிநோய் என்னும் கருத்து நிலைத்துவிட்டது. அல்சைமர்க்கே இதில் ஐயம் இருந்தது. 1911-இல் அவர் வெளியிட்ட விரிவான கட்டுரையில், இந்நோயாளிகளைத் தனிநோயினராகக் கொள்ளுதற்குப் போதிய காரணம் இல்லை என்றும், முதுமைத் தேய்வின் இயல்பிறந்த வகையினராகவே கொள்ளலாம் என்றும் கருதினார்.

ஐயத்திற்கு இடமிருந்தும் கிரேப்பலின் இப்பெயரை விரைந்து வழங்கியது ஏன் என வரலாற்றாசிரியர் பலவாறு ஆராய்ந்துள்ளனர். பிராகா ஆய்வுக்கூடத்தோடு இருந்த போட்டி என்பர் சிலர். மனநோய்க்கு உடற்காரணம் உண்டு என்பதை பிராய்டின் கொள்கைக்கு எதிராக நிறுவும் விருப்பம் என்பர் வேறு சிலர். இவை யாவும் ஊகமே. பெயரின் விளைவு ஊகமன்று. ஐம்பது அகவையில் அறிவு தேய்ந்தவர்க்கு நோய் என்னும் பெயர் கிடைத்தது. எழுபத்தைந்து அகவையில் அதே குறிகளோடு வந்தவர்க்கு மூப்பு என்னும் பெயரே கிடைத்தது. முன்னவர் ஆராய்ச்சிக்குரியவர் ஆயினர். பின்னவர் நெடுங்கால மனநோய் விடுதிகளின் பின்கட்டில் ஒதுக்கப்பட்டனர். ஏறத்தாழ அறுபதாண்டுகள் இந்நிலை நீடித்தது. பெயர் தந்த அல்சைமர் 1915-இல் தம் 51-ஆம் அகவையில் மறைந்தார். பிஷர் 1942-இல் நாசிகளின் தெரேசின் சிறையில் உயிர் நீத்தார். அவர் பெயரும் நெடுங்காலம் மறக்கப்பட்டது.

எல்லைக்கோடு அழிதல்

இப்பிரிவினையைத் தகர்த்தற்குரிய முதற்படி இங்கிலாந்தில் நிகழ்ந்தது. மார்ட்டின் ராத் என்பார் 1955-இல் வெளியிட்ட ஆய்வில், கிரேலிங்வெல் மருத்துவமனையிற் சேர்ந்த அறுபது அகவைக்கு மேற்பட்ட 450 நோயாளிகளைப் பகுத்தாராய்ந்தார். முதியோரின் மனநோய் அனைத்தும் மூளைத் தேய்வே என்னும் எண்ணம் அதனால் வீழ்ந்தது. மனச்சோர்வு முதலிய உணர்ச்சி நோயுற்றாருள் பெரும்பாலார் ஆறு திங்களில் நலம்பெற்று இல்லம் திரும்பினர். அறிவுத்தேய்வுற்றாருள் பெரும்பாலார் ஈராண்டிற்குள் இறந்தனர். இருதிறத்தாரையும் மூப்பு என்னும் ஒரே சொல்லில் அடக்கியதால், நலம் பெறத்தக்கவரும் கைவிடப்பட்டனர் என்பது இவ்வாய்வால் விளங்கிற்று. முதியவர் ஒருவர் பேச்சொடுங்கிச் சோறு மறுத்து அமர்ந்திருப்பின், அது தீர்க்கத்தக்க மனச்சோர்வாகவும் இருத்தல் கூடும். இவ்வுண்மை இன்றும் வலியுறுத்தற்குரியது.

1968-இல் நியூகாசில் நகரத்துப் பிளெசெட், தாம்லின்சன், ராத் மூவரும், முதியோர் வாழ்ந்தபோது அளந்த அறிவுக்குறையையும் இறந்தபின் மூளையில் எண்ணிய படிவுகளையும் ஒப்பிட்டனர். படிவு மிகுமிடத்துக் குறையும் மிகுதல் கண்டனர். 1976-இல் அமெரிக்க மருத்துவர் இராபர்ட் காட்ஸ்மன் ஒரு சிறு தலையங்கத்தில், அகவையை வைத்து நோயைப் பிரித்தல் பொருந்தாது என்றும், முதியோரிடம் காணப்படுவதும் அல்சைமர் நோயே என்றும் வாதிட்டார். அவ்வொரு பெயர் மாற்றத்தால் அரிதாகக் கருதப்பட்ட நோய் தலையாய இறப்புக் காரணங்களுள் ஒன்றாயிற்று. நோயாளிகள் முன்பும் இருந்தனர். அவர்களைக் காணும் கண்ணே மாறியது. பின்னர் ஆராய்ச்சி பெருகியது. 1984-இல் கிளென்னரும் வாங்கும் படிவின் புரதக்கூற்றைப் பிரித்தறிந்தனர். 1991-இல் குடிவழி வரும் அரிய வகைக்குரிய மரபணு மாற்றம் ஒன்று கண்டறியப்பட்டது. 1995-இல் அகுஸ்தேயின் பழைய குறிப்பேடு பிராங்க்பர்ட்டில் மீண்டும் கிடைத்தது.

எல்லைக்கோடு முற்றும் அழிந்ததா எனின், இல்லை. 1986-இல் தொடங்கிய அமெரிக்கத் துறவியர் ஆய்வில் 678 கன்னியர் பங்குகொண்டனர். அவருள் 101 அகவை வரை வாழ்ந்த ஒருவர் அறிவுத் தேர்வுகளில் இறுதிவரை நன்கு விடையளித்தார்; அவர் மூளையிலோ படிவுகளும் இழைமுடிச்சுக்களும் நிறைந்திருந்தன. படிவு உள்ளவர் அனைவரும் நோயாளர் அல்லர் என்பது இதனாற் பெறப்படும். 2023-இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற இலெக்கானெமாப் என்னும் மருந்து படிவைக் குறைக்கின்றது. நோயின் போக்கைச் சிறிதளவே தாழ்த்துகின்றது. மூளையில் உள்ளதற்கும் வாழ்வில் நிகழ்வதற்கும் இடைப்பட்ட உறவு இன்னும் முழுதும் விளங்கவில்லை.

வேலூர்ச் சிற்றூர்களில்

இவ்வரலாறு நம் நாட்டைத் தொடும் இடம் ஒன்று உண்டு. உலகில் அறிவுத்தேய்வுற்றாருள் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, ஆராய்ச்சியில் 10 விழுக்காட்டிற்கும் குறைவே அந்நாடுகளில் நிகழ்கின்றது என்னும் குறையைச் சுட்டி, 1998-இல் '10/66' என்னும் ஆய்வுக்குழு தோன்றியது. அதன் இந்திய நிலையங்களாகச் சென்னை நகரும் வேலூர் வட்டாரச் சிற்றூர்களும் அமைந்தன. 2008-இல் வெளிவந்த முடிவுகள் வியப்பளிப்பன. அமெரிக்க மனநோய் மருத்துவர் கழகத்தின் வரையறைப்படி அளந்தபோது, இந்தியச் சிற்றூர் முதியோருள் 0.3 விழுக்காட்டினரே அறிவுத்தேய்வுற்றவர், கியூபாவிலோ 6.3 விழுக்காடு. அக்குழு தானே அமைத்த அளவைப்படி நோக்கியபோது இத்துணைப் பெரிய வேறுபாடு இல்லை.

ஒரே ஊர் மக்களிடம் இருவேறு எண்கள் வருதல் எங்ஙனம்? முன்னைய வரையறை, அன்றாட வாழ்வில் இடையூறு நேர்ந்ததாக உறவினர் கூறுதலை வேண்டியது. கூட்டுக்குடும்பத்தில் பாட்டியார் அடுக்களையை விட்டு நீங்கினால் மருமகள் அப்பணியை ஏற்கின்றாள். சந்தைக்குச் செல்வதும் கணக்குப் பார்ப்பதும் மகன்பால் செல்கின்றன. இடையூறு உண்டோ என வினவின், வயதாயிற்று, வேறொன்றும் இல்லை என்பதே விடையாகும். தேய்வு இருந்தது, அது பிணியாக எண்ணப்படவில்லை.

இதனை அறியாமை என்று ஒதுக்குதல் எளிது. அது முழுமையான விளக்கம் ஆகாது. முதியவரை நோயாளி எனப் பிரித்து ஒதுக்காமல் வீட்டினுள் வைத்துப் பேணும் பெருந்தன்மை அவ்விடையில் உண்டு. அப்பெருந்தன்மையின் சுமை யார்மேல் விழுகின்றது என்பதையும் காணவேண்டும். ஷாஜி முதலியோர் கேரளத்தில் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட கட்டுரை, பேணுவாருள் பெரும்பாலார் இளம்பெண்கள், குறிப்பாக மருமக்கள் எனக் காட்டுகின்றது. மேலும், நோயின் குறிகளை முதியோர் வேண்டுமென்றே செய்யும் குறும்பாகக் குடும்பத்தார் கருதினர் என்பதும் அதனாற் புலனாகின்றது. முன்னர்ச் சுட்டிய பழியின் நிழல் இங்குப் படிகின்றது. பிணி என்னும் பெயர் இல்லாவிடத்து மூப்பு என்னும் பெயர் மட்டும் நிற்பதில்லை. குற்றம் என்னும் பெயரும் வந்து புகுகின்றது. 2023-இல் வெளிவந்த நாடளாவிய மதிப்பீடு, இந்திய முதியோருள் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், அறிவுத்தேய்வுற்றவர் எனக் கூறுகின்றது. இத்துணைப் பேரின் வாழ்வு ஒரு சொல்லை ஒட்டியும் அமைகின்றது என்பதை எண்ணுதல் வேண்டும்.

சொல்லாராய்ச்சி

மக்கள் இந்நிலைக்குப் பெயரிடாமல் இல்லை. இந்தி வழங்கும் பகுதியில் அறுபது என்னும் எண்ணின் அடியாகப் பிறந்த 'சடியானா' என்னும் வினை, முதுமையில் அறிவு தடுமாறுதலைக் குறிக்கும். கேரளத்தில் சிறுபிள்ளைத்தன்மை எனப் பொருள்படும் 'சின்னன்' என்னும் சொல் வழங்குகின்றது. ஈழத்துத் தமிழர் 'அறளை பெயர்தல்' என்பர். தமிழ்நாட்டில் நினைவு தப்புதல், புத்தி தடுமாறுதல் என்னும் தொடர்கள் உள்ளன. இவை குறிகளை நுட்பமாகக் கண்டு இட்ட பெயர்கள். எனினும் இவற்றுட் பல வசையாகவும் வழங்கும். சின்னஞ்சிறு பிழை செய்த முதியவரை நகையாடற்கும், அவர் சொல்லை மதியாது விடுதற்கும் இவை பயன்படுகின்றன.

சப்பான் நாட்டில் இதனையொத்த சிக்கல் எழுந்தது. அந்நாட்டார் வழங்கிய 'சிகோ' என்னும் பழஞ்சொல் மடமை எனப் பொருள்படும் எழுத்துக்களால் ஆயது. அது முதியோரை இழிவுபடுத்துகின்றது எனக் கண்டு, 2004-இல் அரசே அதனை நீக்கி, அறிவாற்றல் சார்ந்த நோய்நிலை எனப் பொருள்தரும் 'நிஞ்சிசோ' என்னும் சொல்லை நிறுவியது.

தமிழில் இன்று 'மறதி நோய்' என்பது பெரிதும் வழங்குகின்றது. எளிமை அதன் சிறப்பு. ஆயினும் அதன்பால் இருகுறை உண்டு. மறத்தல் இந்நிலையின் குறிகளுள் ஒன்றே. வழி தடுமாறுதல், சொல் கிடையாமை, ஐயுறுதல், இயல்பு திரிதல் ஆகியன அச்சொல்லில் அடங்கா. அன்றியும், மறதி யாவர்க்கும் உள்ளதாகலின், இதுவும் அத்தகையதே என வாளா இருத்தற்கு அச்சொல் இடந்தருகின்றது. மறந்தவர்மேற் பழி கூறுதற்கும் இடந்தருகின்றது. 'அறிவுத்தேய்வு' என்பதில் தேய்தல் என்னும் வினை, முன்பு நிறைந்திருந்தமையைக் குறிப்பால் உணர்த்தும். எஸ்கிரோல் காட்டிய ஒப்புமை அதனுள் அடங்கும். இதனினும் சிறந்த சொல் கிடைப்பின் அதனை ஏற்பதில் தடையில்லை.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், அறிவுத்தேய்வின் குறிகளைப் பழையோர் அறிந்திருந்தனர் என்பதும், 1910-இல் இட்ட ஒரு பெயர் நடுவயதினரையும் முதியோரையும் காரணமின்றிப் பிரித்தது என்பதும், 1976-இல் அப்பிரிவு நீங்கியபோது மறைந்திருந்த கோடிக்கணக்கானோர் கண்ணுக்குப் புலனாயினர் என்பதும், வேலூர் வட்டாரத்தில் ஒரு வரையறைச் சொல்லால் நோயாளிகள் எண்ணிக்கையினின்றே மறைந்தனர் என்பதும் போதரும். மூப்பையும் பிணியையும் வேறு வேறாக எண்ணிய தொல்காப்பியரின் தெளிவு நமக்கு வேண்டும். அவற்றின் எல்லையை ஒவ்வொரு முதியவரிடத்தும் ஆராய்ந்து காணுதல் மருத்துவர் கடன். அவ்வாராய்ச்சிக்கு வழியடைக்காத சொல்லை அமைத்துத் தருதல் தமிழ் பயில்வார் கடன். சொல்லாக்கம் அகராதியோடு முடிவதன்று. ஒரு வீட்டின் திண்ணையில் அமர்ந்து மகளை யாரென வினவும் முதியவர், வையப்படுவாரா, பேணப்படுவாரா என்பதும் அதனைப் பொறுத்து அமைகின்றது.